மூன்று விதைப் பொட்டலங்கள்: ஸ்பானிய ஃபிர், மங்கி பசில், செர்பிய ஸ்புரூஸ் – எப்படிப் பிரித்து, எப்படி முளைக்க வைப்பது?

கூம்புக்காடு:

வணக்கம். ஊசியிலை மரங்களை வளர்க்கவும், அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களைக் காக்கவும் 18 பேர் சேர்ந்து ஒரு சிறு சங்கம் தொடங்கியிருக்கிறோம். விதைப் பகிர்வின் முதல் சுற்றில் மூன்று பொட்டலங்கள் வந்துள்ளன. மூன்றுமே ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனங்கள்.

முதல் பொட்டலம் ஸ்பானிய ஃபிர் (அபியஸ் பின்சாப்போ), 20 கிராம். ஒரு மரத்தோட்டத்தில் உள்ள ஒற்றை மரத்தில் எடுத்தது. பக்கத்திலேயே வேறு ஃபிர் இனங்களும் நிற்கின்றன.

இரண்டாவது மங்கி பசில் (அரௌக்காரியா அரௌக்கானா), 40 விதைகள். காய்ந்த காகிதத்தில் சுற்றி வந்திருக்கின்றன. உதிர்ந்து 5 வாரம் ஆகிறது.

மூன்றாவது செர்பிய ஸ்புரூஸ் (பைசியா ஒமோரிக்கா), 5 கிராம். ட்ரினா ஆற்றுப் பள்ளத்தாக்கில் அனுமதி பெற்று 12 தாய்மரங்களில் எடுத்தது. மரத்துக்கு ஒன்றாக 12 சிறு உறைகள். ஒவ்வொன்றிலும் எண் இருக்கிறது.

எங்கள் திட்டம் இது: மூன்றையும் ஈர மணலில் கலந்து இரண்டு மாதம் குளிர்பெட்டியில் வைப்பது; பிறகு 18 பேருக்கும் சமமாகப் பங்கு போட்டு, தட்டில் விதைத்து, கன்றானதும் பாதுகாப்புத் தொகுப்பு என்று பதிவு செய்வது. இதைத் தவிர, ஒருவர் மங்கி பசில் மரத்தின் பக்கக் கிளைகளை வெட்டித் தருவதாகச் சொல்கிறார். அவற்றை வேர்பிடிக்க வைத்தால் விதையை மிச்சம் பிடிக்கலாமா? திட்டத்தில் தவறு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

---

விதைக்கண்:

மூன்றையும் ஒரே நேரத்தில் குளிர்பெட்டிக்குள் வைக்காதீர்கள். மூன்றும் மூன்று வகை விதை.

இன்றைக்கே கவனிக்க வேண்டியது மங்கி பசில். அதன் விதை உலர்வைத் தாங்காது. நெல், பயறு போல் காயவைத்துச் சேமிக்கும் வகை அல்ல; ஈரம் ஒரு அளவுக்குக் கீழே போனால் கரு செத்துவிடும், பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் திரும்பாது. காய்ந்த காகிதத்தில் 5 வாரம் என்பது அதற்கு நீண்ட காலம். இரண்டு விதைகளை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பருப்பு வெள்ளையாக, நகத்தால் அழுத்தினால் உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. மஞ்சள் கலந்த பழுப்பாகவோ, கண்ணாடி போல ஒளி ஊடுருவும்படியோ, தோலை விட்டுச் சுருங்கியோ இருந்தால் முடிந்தது. மீதியை 24 மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். மூழ்குபவை ஒரு குழு, மிதப்பவை ஒரு குழு. மிதப்பவற்றையும் எறிய வேண்டாம். தனியாக விதையுங்கள், சில தேறும்.

இதற்குக் குளிர்நேர்த்தி (ஈர விதையைக் குளிரில் வைத்து முளைப்புக்குத் தயார்ப்படுத்துவது) கட்டாயமில்லை. உடனே விதைக்க முடியாத நிலையில் மட்டும் ஈரத் தென்னை நார்க்கழிவில் புதைத்து 2–4° செல்சியஸில் சில மாதம் காப்பாற்றலாம். விதைக்கும்போது குறுகிய முனை கீழே இருக்க வேண்டும், வேர் அங்கிருந்துதான் வரும். சாய்வாக, பாதிக்கு மேல் ஊடகத்துக்குள் (தொட்டியில் நிரப்பும் கலவைக்குள்) போகும்படி அழுத்தினால் போதும், முழுதாக மூட வேண்டாம். ஒரு விதைக்கு ஒரு தொட்டி, ஆழம் குறைந்தது 20 செ.மீ. சூடு 18–20° செல்சியஸ். வித்திலைகள் விதைக்குள்ளேயே தங்கிவிடும். வேர் இறங்கி வாரக்கணக்கில் ஆன பிறகே தண்டு தலைகாட்டும். மேலே ஒன்றும் தெரியவில்லையே என்று தோண்டிப் பார்ப்பதில் ஒடியும் வேர்கள்தான் அதிகம். எலிக்கு இந்த விதை என்றால் உயிர், 6 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலையால் மூடுங்கள்.

ஸ்பானிய ஃபிருக்கு 4 முதல் 6 வாரக் குளிர்நேர்த்தி போதும், 3–4° செல்சியஸில். மணலில் கலக்காமல் வெறும் விதையாகவே செய்யலாம். 24 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, மேற்பரப்பு ஈரம் போக நிழலில் உலர்த்தி, காற்றோடு சேர்த்துப் பையில் கட்டி வைப்பதுதான் முறை. விதைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஆனால் பளபளப்பு இல்லாமல் மங்கலாக ஈரமாக இருக்க வேண்டும். எடையால் சரிபார்ப்பது இன்னும் நல்லது. 10 கிராம் காய்ந்த விதையில் 10 சதவீத ஈரம் என்றால் உலர்பொருள் 9 கிராம். 35 சதவீத ஈரத்துக்கு அதன் எடை 9-ஐ 0.65-ஆல் வகுத்தது, அதாவது 13.8 கிராம். அதற்கு மேலிருந்தால் பைக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும் அல்லது குளிரிலேயே முளைக்கத் தொடங்கும். வாரம் ஒரு முறை பையைத் திறந்து காற்று மாற்றுங்கள்.

இன்னொன்று. ஃபிர் விதையின் இறக்கையைக் கையால் தேய்த்து எடுக்கவே கூடாது. விதைத்தோலில் பிசின் நிறைந்த சிறு பைகள் இருக்கும். அவை உடைந்தால் முளைப்புத் திறன் இறங்கிவிடும். இறக்கையோடே விதைக்கலாம். அந்தப் பிசினால்தான் ஃபிருக்கு மிதவைச் சோதனையும் சரிவராது, நல்ல விதையும் மிதக்கும். வெட்டிப் பார்ப்பதே வழி. 20 விதையை வெட்டி, வெண்மையான கரு தன் குழியை ஏறத்தாழ முழுதாக நிரப்பியிருக்கிறதா என்று எண்ணுங்கள்.

செர்பிய ஸ்புரூஸ் மூன்றிலும் எளிது. ஒரு நாள் ஊறல், 3 வாரம் குளிர், அவ்வளவே. ஆனால் 5 கிராமையும் விதைத்துத் தீர்க்காதீர்கள். ஒவ்வொரு உறையிலும் பாதியை எடுத்து, நன்கு உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத குப்பியில் மூடி உறைபெட்டியில் (கழித்தல் 18°) வையுங்கள். காய்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். ஊறிய விதையை உறையவைத்தால் செத்துவிடும் என்பதால் இந்தப் பாதியை ஊறவைக்கும் முன்பே பிரித்துவிடுங்கள்.

---

தாய்மரம்:

முளைப்பு முறையை மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் பதிவேட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன். இந்த மூன்றில் பாதுகாப்புத் தொகுப்பு என்று தயங்காமல் எழுதக்கூடியது செர்பிய ஸ்புரூஸ் மட்டும்தான். மங்கி பசிலின் மூலம் தெரிந்தால் அதுவும் சேரலாம். ஸ்பானிய ஃபிர் சேராது.

ஃபிர் இனங்கள் காற்றால் மகரந்தம் பரப்புபவை, தங்களுக்குள் தாராளமாகக் கலப்பவை. ஸ்பானிய ஃபிரையும் கிரேக்க ஃபிரையும் விள்மொரான் என்ற தாவர வளர்ப்பாளர் 1867-இல் பிரான்சில் கையால் கலந்து ஒரு கலப்பினமே பெற்றார். காற்று அதே வேலையைத் தோட்டத்தில் யாரும் கேட்காமலே செய்யும். லேலண்ட் சைப்ரஸும் இப்படிப் பிறந்ததுதான். நூட்கா சைப்ரஸும் மான்டெரி சைப்ரஸும் இயற்கையில் வெகுதூரம் விலகி வாழ்பவை. வேல்ஸில் ஒரே தோட்டத்தில் அருகருகே நட்டதால் 1888-இல் முதல் கலப்புக் கன்றுகள் கிடைத்தன. எனவே உங்கள் 20 கிராமில் வரும் கன்றுகளில் எது தூய பின்சாப்போ, எது கலப்பு என்று கண்ணால் பிரிக்க முடியாது, அதுவும் முதல் சில ஆண்டுகளில் வாய்ப்பே இல்லை. கலப்பு ஆகாதவையும் அந்த ஒற்றை மரம் தன்னைத்தானே மகரந்தச் சேர்க்கை செய்தவையாகவே இருக்கும். பெரும்பாலும் பொக்கு, மிஞ்சியது நோஞ்சான்.

இதனால் அந்த விதையை வீணென்று சொல்லவில்லை. வளர்த்துப் பழக மிக நல்லது, அழகான மரம். ‘தோட்ட விதை, திறந்த மகரந்தச் சேர்க்கை’ என்று எழுதி வளருங்கள். ஸ்பெயினில் பின்சாப்போவின் இயற்கைக் காடுகள் தெற்கே சில மலைகளில்தான் உள்ளன. பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையில், சியெரா பெர்மெஹாவில் மட்டும் செர்பெண்டைன் வகைப் பாறையில். எந்த மலை என்பதே தெரியாத கன்றை நாளை யாரும் மறுநடவுக்கு எடுக்க மாட்டார்கள். எடுக்கவும் கூடாது.

தாவரத் தோட்டங்கள் பதிவேட்டில் நான்கு எழுத்துகளைப் பயன்படுத்துகின்றன. காட்டில் எடுத்தது ‘டபிள்யூ’. காட்டு மூலம் தெரிந்த, தோட்டத்தில் வளரும் செடியிலிருந்து எடுத்தது ‘இசட்’. வெறும் தோட்டச் செடியிலிருந்து எடுத்தது ‘ஜி’. தெரியாதது ‘யூ’. உங்கள் ஸ்புரூஸ் ‘டபிள்யூ’, ஃபிர் ‘ஜி’. மங்கி பசில் எங்கே எடுத்தது என்று கொடுத்தவரிடம் இன்றே கேளுங்கள். விடை வரும்வரை ‘யூ’. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

அந்த 12 உறைகளை எக்காரணம் கொண்டும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். இந்தத் தொகுப்பின் மதிப்பே அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. செர்பிய ஸ்புரூஸுக்கு ஒரு தனிக்குணம் உண்டு: மற்ற ஸ்புரூஸ்களைப் போல அல்லாமல், தன் மகரந்தத்தாலேயே நிறைய நல்ல விதை கட்டும். ஒரு உறை அபாரமாக முளைத்தால் அது ஆரோக்கியத்தின் அடையாளம் என்று எண்ணி அதையே அதிகம் வளர்க்கத் தோன்றும். அப்படிச் செய்தால் தொகுப்பு ஓரிரு மரங்களின் வாரிசாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு தாய்மரத்துக்கும் கன்று எண்ணிக்கையைச் சமமாக வையுங்கள். ஒரு காட்டின் மரபு வகைமையைப் பிடிக்க 50 மரங்கள் என்பது வழக்கமான இலக்கு. 12 அதற்கு நல்ல தொடக்கம், அடுத்த சுற்றில் அதே இடத்திலிருந்து வேறு மரங்களைத் தேடலாம்.

பங்கு போடும் முறையையும் மாற்றுங்கள். 18 பேருக்கும் எல்லாவற்றிலும் கொஞ்சம் என்றால், ஒருவர் கைவிட்டதும் எது போனது என்றே தெரியாது. ஒவ்வொரு தாய்மர வரிசையையும் குறைந்தது மூன்று பேரிடம் வையுங்கள். 12 வரிசை, மூன்று பிரதி, 36 பங்கு. ஆளுக்கு இரண்டு வரிசை. கணக்கு அழகாகப் பொருந்துகிறது.

மங்கி பசிலில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பல பத்தாண்டு வளர்ந்து கூம்பு கட்டும்வரை எது எதுவென்று தெரியாது. ஆளுக்கு இரண்டு கன்று கொடுத்துத் தனித்தனி இடங்களில் நட்டால் விதை கட்டாத மரங்கள்தான் மிஞ்சும். ஐந்தைந்தாகச் சேர்த்து ஒரே இடத்தில் நடுங்கள். ஐந்தும் ஒரே பாலாக அமைய 16-இல் ஒரு வாய்ப்புதான்.

கடைசியாகப் பெயர்ப்பட்டை. மார்க்கர் பேனா வெயிலில் ஓரிரு ஆண்டில் மறைந்துவிடும். பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதினால் அதைவிட நெடுநாள் நிற்கும். நிரந்தரத்துக்கு அலுமினியப் பட்டையில் அழுத்தி எழுதுங்கள். அதில் பெயரைவிட முக்கியம் எண்: ஆண்டு, வரிசை எண், தாய்மர எண். பெயரை யாராவது திருத்தலாம், எண் தொலைந்தால் மூலமே தொலைந்தது. ஒரு பட்டையைத் தொட்டிக்குள் மண்ணிலும் புதைத்து வையுங்கள்.

---

நாற்றங்கால்:

முளைத்த பிறகு சாவது பற்றி யாரும் சொல்லவில்லை. ஊசியிலை நாற்றுகள் அதிகம் போவது முதல் 8–10 வாரத்தில்தான், நாற்றழுகலில். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து, நூல் போல மெலிந்து, மேல்பகுதி பச்சையாக இருக்கும்போதே சாய்ந்து படுக்கும். தட்டில் ஒரு மூலையில் தொடங்கி வட்டமாகப் பரவும். பித்தியம், ரைசோக்டோனியா, ஃபியூசேரியம் ஆகிய மண்வாழ் கிருமிகள் காரணம். அவற்றுக்கு இடம் கொடுப்பது நெருக்கமும் நசநச ஈரமும்.

ஊடகம்: மட்கிய பைன் பட்டைத்தூள் 2 பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறையின் வெண்குருணை) 1, தென்னை நார்க்கழிவு 1. நார்க்கழிவை மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு ஊசியிலை நாற்றின் வேர்நுனியைக் கருக்கும். அமிலநிலை (பிஎச்) 5 முதல் 5.5-க்குள். பின்சாப்போ சுண்ணாம்பு மலையில் வளர்வதால் சுண்ணாம்பு சேர்க்கலாமே என்று தோன்றும். வளர்ந்த மரத்துக்குச் சரி. நாற்றுப் பருவத்தில் அமிலப் பக்கமே பாதுகாப்பு, காரநிலையில் அழுகல் பூஞ்சைகள் துணிந்து வரும்.

சிறு விதைகளை மண்ணால் மூடாதீர்கள். 3–4 மி.மீ. கனத்துக்குக் கருங்கல் குருணை அல்லது பெருமணல் போதும். அது சீக்கிரம் காய்வதால் தண்டின் கழுத்து காய்ந்தே இருக்கும். தண்ணீர் காலையில் மட்டும், மேலே உள்ள குருணை காய்ந்து வெளுக்கத் தொடங்கிய பிறகு. சாய்ந்த நாற்றைக் கண்டால் சுற்றிலும் 3 செ.மீ. மண்ணோடு தோண்டி அகற்றுங்கள். மீதித் தட்டுக்கு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டம் கூட்டுங்கள். மருந்து அதற்குப் பிறகுதான்.

ஃபிர், ஸ்புரூஸ் நாற்றுகள் விதைத்தோலைத் தொப்பி போலத் தலையில் தூக்கிக்கொண்டு எழும். பிடுங்கத் தோன்றும், கை வைக்காதீர்கள். உள்ளே ஊசி முனைகள் இன்னும் விதையின் சேமிப்பை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இழுத்தால் முனையோடு வந்துவிடும். உலர்ந்து ஒட்டிக்கொண்டால் காலையில் லேசாகப் பனித்தூறல் போலத் தண்ணீர் தெளித்தால் தானாகக் கழன்று விழும். அது விழுந்து உண்மை ஊசிகள் வரும்வரை உரம் வேண்டாம்.

வேர்ப்பூசணம் (வேரோடு சேர்ந்து வாழ்ந்து மரத்துக்குச் சத்து எடுத்துத் தரும் நல்ல பூஞ்சை) பற்றி: ஃபிர், ஸ்புரூஸ், பைன் எல்லாம் வேரைப் போர்த்தும் வகைப் பூசணத்தோடு வாழ்பவை. அது இல்லாத நாற்று இரண்டாம் ஆண்டில் ஊதா நிறமாகி நின்றுவிடும். மணிச்சத்தை (பாஸ்பரஸை) எடுக்க முடியாமை அது. மங்கி பசிலுக்கு வேருக்குள் நுழையும் வகை வேண்டும், இரண்டுக்கும் ஒரே பொடி உதவாது. முதிர்ந்த மரத்தடி மண்ணை அள்ளிப் போடுங்கள் என்று பலரும் சொல்வார்கள். நான் இதைக் கடுமையாக மறுக்கிறேன். அந்தப் பிடி மண்ணில் ஃபைட்டாஃப்தோரா என்ற வேரழுகல் கிருமி இருந்தால் 18 தோட்டங்களுக்கும் ஒரே நாளில் பரவும், பிறகு அதை மண்ணிலிருந்து எடுக்க வழியே இல்லை. மங்கி பசிலின் வேர் அதற்கு எளிதில் பலியாகும். அந்தந்த இனத்துக்கு ஏற்ற வேர்ப்பூசண வித்துப்பொடி வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். மணிச்சத்து மிகுந்த உரம் கொடுத்தால் பூசணம் ஒட்டாது.

பக்கக் கிளைக் கேள்விக்கு: வேண்டாம். அரௌக்காரியாவின் பக்கக் கிளைக்குத் தான் கிளை என்ற குணம் மாறவே மாறாது. வேர் பிடிக்கும், பச்சையாக இருக்கும், தரையோடு படுத்துக்கொண்டே ஆயுள் முழுக்க வளரும், மரமாக எழாது. ஃபிர், ஸ்புரூஸிலும் இந்தச் சாய்வு உண்டு, ஆனால் குச்சியில் கட்டி நிமிர்த்தினால் சில ஆண்டில் நுனி எழக்கூடும். அரௌக்காரியாவில் நேராக எழும் தலைத்தண்டோ, தலையை வெட்டியபின் அடியில் நிமிர்ந்து வரும் தளிரோதான் உதவும். அதுவும் அதே மரத்தின் நகல், அதே பால். தொகுப்பில் புதிதாக ஒன்றும் சேராது.

---

கூம்புக்காடு:

அனைவருக்கும் நன்றி. சோதனை முடிவுகள் இதோ. பின்சாப்போ 20 விதை வெட்டினோம்: 7-இல் நல்ல கரு, 11 பிசின் மட்டுமே உள்ள பொக்கு, 2-இல் காலில்லாத சிறு வெள்ளைப் புழு. மங்கி பசில் 38-இல் 26 மூழ்கின, 12 மிதந்தன. பிளந்த இரண்டும் வெள்ளையாகவே இருந்தன.

பின்சாப்போ விதையில் 35 சதவீதம்தான் நல்லது என்றால் நாற்றுத்தட்டில் குழிக்கு எத்தனை விதை போடுவது? புழு என்ன? மங்கி பசில் விதையை வேறு நாட்டுச் சங்கத்துக்கு அனுப்பலாமா?

---

தாய்மரம்:

அனுப்பும் கேள்விக்கு மட்டும். மங்கி பசில் சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) முதல் பட்டியலில் உள்ளது. விதையும் அதில் அடக்கம். எல்லை தாண்ட ஏற்றுமதி, இறக்குமதி அனுமதி இரண்டும் தேவை, கூடவே தாவர நலச் சான்றிதழ். தபால் உறையில் போட்டு அனுப்பும் பேச்சே வேண்டாம். ஸ்புரூஸ், ஃபிர் சைட்டிஸில் இல்லை, ஆனால் தாவர நலச் சான்று இல்லாமல் அவையும் போகக் கூடாது. ஸ்புரூஸ் உறைகளில் உள்ள சேகரிப்பு அனுமதியை நகலெடுத்து ஒவ்வொரு பங்கோடும் கொடுங்கள். அந்த அனுமதி பிறருக்குக் கைமாற்றுவதை ஏற்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள்.

---

விதைக்கண்:

ஃபிருக்கு 35 சதவீதம் மோசமில்லை, அதுவும் ஒற்றை மரத்துக்கு. குழிக்கு மூன்று போட்டாலும் நான்கில் ஒரு குழிக்கு மேல் வெறுமையாக நிற்கும், சில குழியில் மூன்றும் வந்து நெருக்கும். அதனால் குழிக் கணக்கை விட்டுவிடுங்கள். குளிர்நேர்த்தி முடிந்ததும் ஈரத்துணியில் பரப்பி 18–20° செல்சியஸில் வைத்து, முளை எட்டிப் பார்ப்பவற்றை இரண்டு நாளுக்கு ஒரு முறை பொறுக்கி, வேர்நுனி கீழ்நோக்க ஒவ்வொன்றாகத் தொட்டியில் வையுங்கள். வேர் 3–5 மி.மீ. இருக்கும்போது எடுக்க வேண்டும். 1 செ.மீ. தாண்டினால் நடும்போது மடங்கும். தூண்டில் போல வளைந்த அந்த வேர் நிமிராது, பத்து ஆண்டு கழித்து மரம் காற்றில் சாயும்போதுதான் தெரியும்.

மங்கி பசிலில் மூழ்கிய 26-ஐயும் இன்றே தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். மிதந்த 12-ஐ இன்னும் ஒரு நாள் ஊறவைத்து, தனி எண்ணோடு விதையுங்கள்.

புழுவைப் பார்த்தால் மெகாஸ்டிக்மஸ் என்ற விதைக்குளவியின் குட்டி போலத் தெரிகிறது. தாய்க்குளவி இளம் கூம்பிலேயே முட்டையிட்டுவிடும். குட்டி விதைக்குள்ளேயே கருவைத் தின்று வளரும். வெளியே ஓட்டை இருக்காது, எடையும் நல்ல விதையைப் போலவே இருக்கும், ஆகையால் கையால் பிரிக்க முடியாது. சில குட்டிகள் ஒரு பருவம் தாண்டியும் உள்ளேயே உறங்கும். எனவே பின்சாப்போவை உறுப்பினர்களுக்கு விதையாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். ஒரே இடத்தில் முளைக்க வைத்து, கன்றாகக் கொடுங்கள். முளைக்காமல் மிஞ்சும் விதைகளை உரக்குழியில் கொட்டாமல், மூடிய பையில் கட்டி எரித்துவிடுங்கள். கிடைத்த இரண்டு புழுவையும் 70 சதவீத ஆல்கஹால் உள்ள சிறு குப்பியில் போட்டு, பொட்டல எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதிய துண்டுக் காகிதத்தை உள்ளேயே போட்டு வையுங்கள். பூச்சியியல் தெரிந்தவர் யாராவது இனத்தை உறுதிசெய்ய அது போதும். மரத்தோட்டத்துக்கும் தகவல் சொல்லுங்கள், பக்கத்து ஃபிர் மரங்களையும் அவர்கள் பார்க்க வேண்டியிருக்கும்.